எதிர்த்தரப்புக்காகக் காத்திருக்கிறோம்

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஜெம்மாவுக்கு வக்கீல் ஆபீஸிலிருந்து அந்த வாரத்தின் நான்காவது மின்னஞ்சல் வந்தது. முந்தைய மூன்றிலும் இருந்த அதே ஒற்றை வரி: எதிர்த்தரப்புக்காகக் காத்திருக்கிறோம்.

மாலை ஐந்து மணியோடு வங்கி தந்த வீட்டுக்கடன் அனுமதி காலாவதி. அதற்குள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் வக்கீல்களிடையே கைமாறாவிட்டால், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி நகரத்து ஓரத்தில் இரண்டு படுக்கையறையும் ஓர் ஈரச்சுவரும் கொண்ட அந்த வரிசை வீடு அவளுக்கு இல்லை. வாடகை வீட்டையோ அம்மாவும் அவளும் மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும்.

கைமாறும்வரை இங்கே யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவரில்லை. ஜெம்மா வாங்குவது ராய்ஸ்டன் தம்பதியின் வீடு. அவர்கள் வாங்குவது ஒரு பல் டாக்டரின் வீடு. பல் டாக்டர் வாங்குவது மேட்டுத்தெரு நார்மனின் வீடு. நால்வரில் ஒருவர் காலையில் எழுந்து மனசு மாறிவிட்டது என்றால் ஐந்து மாத உழைப்பும் குப்பைக்குப் போகும். நால்வரும் ஒன்றரை மைலுக்குள் வசிப்பவர்கள். ஆனாலும் பேசிக்கொள்வது நான்கு வக்கீல்கள் மட்டுமே.

"நானே நேர்ல போய்க் கேக்கறேன்," என்றாள் வீட்டுத் தரகனிடம்.

"ஐயையோ, அப்படி வழக்கமே இல்லீங்க மேடம்!"

"வழக்கத்தத் தூக்கி ஒடப்புல போடுங்க."

ராய்ஸ்டன் வீட்டுக் கதவைத் திறந்தது மனைவி மவ்ரீன். பின்னால் கூரைவரை அட்டைப்பெட்டிகள்.

"நாங்க எப்பவோ தயார் கண்ணு. மூணு வாரமா பேப்பர் தட்டுலதான் சாப்பாடு. கெட்டிலை மட்டும் கட்டல. டீ குடிக்கறியா?"

"வேணாங்க. யாரு இழுக்கறாங்க?"

"எங்களுக்கு மேல விக்கறவங்க யாரோ போல. கேட்டா தப்பா நெனப்பாங்களோன்னு கேக்கல."

டீயை மறுத்ததில் மவ்ரீன் முகம் வாடியது. வீடு கைநழுவுவதைப் பற்றிச் சொன்னபோதுகூட அது அவ்வளவு வாடவில்லை.

பல் டாக்டரின் வரவேற்பறையிலும் அதே பதில்தான்: அவர் தயார், மேலே யாரோ. ஜெம்மா மேட்டுத்தெருவில் மூச்சிரைக்க ஏறினாள். நார்மன் கோட்டும் தொப்பியுமாக, வாசலிலேயே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அக்கா வீட்டுக்குக் குடிபோகிறவர்.

"நீதான் அந்தக் கடைசிப் பொண்ணா? ஏம்மா, ஒரு கையெழுத்துப் போட இவ்ளோ யோசனையா?"

"நானா? நான் கையெழுத்துப் போட்டு, பச்சை உறையில வெச்சு வக்கீலுக்கு அனுப்பி மூணு வாரம் ஆச்சு!"

"உன் வக்கீல் அப்படிச் சொல்லலையாமே. சின்னப் பொண்ணு, ஊசலாடறா போலன்னு பேச்சு. அவசரப்படுத்தக் கூடாதுன்னு நாங்கெல்லாம் சும்மா இருந்தோம்."

மூன்று குடும்பங்களும் மூன்று வாரமாக அவள்மேல் கருணை காட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. ஜெம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா டெனிஸ் அதே வக்கீல் ஆபீஸைத்தான் விடியற்காலையில் கூட்டித் துடைக்கிறவள்.

"அம்மா, அந்த ஆபீஸ்ல பச்சை உறை ஒண்ணு பாத்தியா? பெரிசு?"

"ஓரத்துல டேப் ஒட்டினதா? ஜன்னலோரத் தட்டுல கெடக்கு. வாரத்துக்கு ரெண்டு தரம் தூக்கி, அடியில தொடச்சிட்டு, அங்கயே வெச்சிடுவேன்."

"அதுல என் பேரு எழுதியிருக்கும்மா!"

"எனக்கென்னடி தெரியும்? ஆபீஸ் பேப்பர் எதையும் படிக்க மாட்டேன்னு எழுதி வாங்கியிருக்காங்க. நான் படிக்கல."

அந்தச் சங்கிலி முழுவதிலும் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டவள் அம்மா ஒருத்திதான்.

நாலரைக்கு ஜெம்மா வக்கீல் பிளென்கின்சாப்பின் அறைக்குள் நுழைந்தாள். கதவைத் தட்டவில்லை. ஜன்னலோரத் தட்டிலிருந்து உறையை உருவி அவர் மேசைமேல் போட்டாள். உறையின் அடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"ஓ," என்றார் அவர். "வெண்டி லீவுல டெனரிஃப் தீவுக்குப் போயிருக்காங்க. தபால் பிரிக்கறது அவங்க பொறுப்பு."

"நீங்க பிரிச்சா கை வெந்துடுமா?"

"மிஸ் ஹெப்வொர்த், இதுக்குன்னு ஒரு நடைமுறை..."

"இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருக்கு. போனை எடுங்க சார்."

எடுத்தார். என்னிடம் கையெழுத்திட்ட பிரதி இருக்கிறது, உங்களிடம் இருக்கிறதா, இருக்கிறது, இன்றைய தேதி, நன்றி. மேலே அழைப்புகள் போயின, கீழே அழைப்புகள் வந்தன. நான்கு ஐம்பத்திரண்டுக்கு அவர் போனை வைத்து ஒப்பந்தத்தில் நேரத்தைக் குறித்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். வீடு உங்களுக்குத்தான், வாழ்த்துகள். எதிர்த்தரப்பு ஒருவழியா ஒத்துழைச்சாங்க, நல்லவேளை."

ஜெம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். மனிதர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். அவள் ஜன்னல் பக்கம் போய், அந்தத் தட்டுக்கு முன்னால் குனிந்து நின்று, நிதானமாகக் கைபேசியில் ஏதோ குறித்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கேட்டாள்: "அப்ப அந்தத் தட்டு காலியாயிடுச்சா?"

"எங்க? இன்னும் ஏழு உறை கெடக்கு. ஏழு பேரோட பேரு, போன் நம்பர், எல்லாம் மேலயே எழுதியிருக்கு."

"படிச்சியா நீ?"

"நான் எந்தக் கையெழுத்தும் போடலையேம்மா," என்று சொல்லி, ஜெம்மா முதல் எண்ணை அழுத்தினாள்.