நாலு மணிக்குள் ஒரு வரி

‘தகுதியும் பதிவும் இல்லாத எவரும் மனநல மையம் நடத்தக்கூடாது.’ இந்த ஒரு வரியை எழுத உளவியலாளர் சங்கத்துக்கு மூன்று வருஷம் பிடித்தது. ‘எவரும்’ வேண்டுமா வேண்டாமா என்பதற்கே ஏழு கூட்டம். புது மசோதாவில் அது சேர வேண்டுமானால், சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அன்று நாலு மணிக்குள் கையெழுத்திட்டுத் திருத்தமாகக் கொடுத்தாக வேண்டும்.

மூன்றரைக்கு ஓர் உறுப்பினருடன் சந்திப்பு. சங்கச் செயலாளர், தலைவரோடு ஒரு அம்மாவையும் அழைத்து வந்திருந்தாள். போலி மையக்காரன் ஒருவன் சிகிச்சை என்று சொல்லி அவருடைய மகளைப் பதினோரு நாள் இருட்டறையில் பூட்டி வைத்திருந்தான். அந்தப் பெண் இன்னும் விளக்கை அணைக்க விடுவதில்லை.

உள்ளே இரண்டு பேருக்குத்தான் அனுமதி என்றதும் அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“உங்க பொண்ணைப் பத்திக் கட்டாயம் சொல்றேம்மா,” என்று செயலாளர் வாக்குக் கொடுத்தாள்.

“மனசு டாக்டருங்களா? நல்லவேளை வந்தீங்க. ஆறு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல,” என்று உறுப்பினர் ஆரம்பித்தார்.

சங்கத் தலைவர் தலையைச் சாய்த்து, “ம்... சொல்லுங்க” என்றார். வந்தது வினை.

முகம் கொடுத்துப் பேசாத மருமகன், மதிக்காத தம்பி, சின்ன வயதில் அப்பா வாங்கித் தராத சைக்கிள் என்று உறுப்பினர் சொல்லிக்கொண்டே போனார். செயலாளர் இரண்டு தரம் கோப்பைத் திறந்தாள். இரண்டு தரமும் தலைவர் கையமர்த்தினார். பேசுகிறவரை இடைமறிக்கக் கூடாதாம், தொழில் தர்மமாம். வெங்காயத் தர்மம் என்று அவள் பல்லைக் கடித்தாள். ஆனால் சைக்கிள் வந்த இடத்தில், இருபது வருஷப் பழக்கத்தில், அவள் தலையும் தன்னால் ஆடியது. தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது மணி நாலு ஐந்து.

“மனசே லேசாயிடுச்சு. ஆமா, நீங்க எதுக்கு வந்தீங்க?”

செயலாளர் தாளை நீட்டினாள். அவர் படித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“நேரம் முடிஞ்சுபோச்சேம்மா. முன்னாடியே சொல்லக் கூடாதா?”

வராந்தாவுக்கு வந்ததும் தலைவர் முகத்தில் பெருமை வழிந்தது. “எப்படி மனசைத் திறந்தாரு, பாத்தீங்களா?”

அம்மா பெஞ்சிலிருந்து எழுந்தார். “என் பொண்ணைப் பத்திச் சொன்னீங்களா?”

“இல்லம்மா. சொல்லல,” என்றாள் செயலாளர்.

தலைவர் முன்னால் வந்தார். தலையைச் சாய்த்து, குரலைக் குழைத்து, “இப்ப உங்க மனசுக்கு எப்படி இருக்கும்மா?” என்று கேட்டார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்த மையக்காரனும் தினம் கதவுக்கு வெளிய நின்னு, என் பொண்ணுகிட்ட இதையேதான் கேட்டானாம்.”