எவரும் திறக்காத பிழைப் பட்டியல்

1

இக்கதை ஒரு வாக்கியத்தின் மீது எனக்கு வந்த கோபத்தில் பிறந்தது. அந்த வாக்கியத்தை மூன்றாம் பகுதி வரை தள்ளி வைக்கிறேன். இதை உத்தி என்று எவரும் பாராட்ட வேண்டாம், கூச்சம்தான் காரணம்.

நான் நவீன இலக்கியத் திறனாய்வில் ஆய்வு செய்பவன். வயிற்றுப்பாட்டுக்காக ஒரு நிறுவனத்தில் அறிக்கைகள் எழுதுகிறேன். கணினி நிரலாளர்கள் நிரல் எழுதப் பயன்படுத்தும் எடிட்டர் ஒன்றை அந்நிறுவனம் தயாரிக்கிறது. அடுத்த பதிப்பில் எந்த வசதியைச் சேர்ப்பது, எதை மேம்படுத்துவது, எதை நீக்குவது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடித் திட்டமிடுவார்கள்.

முதல் தொடக்கம்: அக்கா சன்னலோரம் அமர்ந்து, மாலை வெளிச்சத்தில் விரல்களை விசைப்பலகையின் மீது —

(கைவிட்டேன். அக்காவுக்குப் பதினோரு வயதிலிருந்து பார்வை இல்லை. அலுவலகத்தில் தனக்குக் கிடைத்த சன்னலோர இருக்கையைக் கொடுத்துவிட்டு, அச்சுப்பொறியின் இரைச்சல் எட்டாத மூலையை வாங்கிக்கொண்டவள் அவள். மாலை வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டவன் நான்.)

2

இரண்டாம் தொடக்கம். அக்கா வேறொரு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக நிரலாளர். பயன்படுத்துவது எங்கள் எடிட்டரை. திரையில் உள்ளதை ஒரு மென்பொருள் அவள் காதில் வாசித்துச் சொல்லும். மற்றவர் கேட்டால் சிட்டுக்குருவிச் சண்டை போலிருக்கும், அவ்வளவு வேகம். திரையை அவள் எரியவிடுவதேயில்லை. புதிதாக வந்த மேலாளர் ஒருமுறை பதறியிருக்கிறார்.

"மானிட்டர் ஆஃப் ஆயிருக்கும்மா."

"நான்தான் சார் ஆஃப் பண்ணேன். எழுதுறத யாரும் பின்னாடி நின்னு படிக்கக் கூடாதுல்ல."

நிரலில் பிழை நேர்ந்தால், எங்கள் எடிட்டரில் பிழைப் பட்டியல் என்றொரு சாளரம் உண்டு. பிழைக்கு ஒரு வரி, அதில் பிழை நிரலின் எத்தனையாவது வரியில் என்ற எண். அக்கா இரண்டு விசைகளை ஒருசேர அழுத்தி அதைத் திறப்பாள், கேட்பாள், பிழைக்குத் தாவித் திருத்துவாள். ஒரு நாளைக்கு நூறு முறை இருக்கும்.

3

எங்கள் கூட்ட அறையின் சுவரெங்கும் அட்டைகள். ஆளுக்கு மூன்று வண்ணப் பொட்டுகள் தருவார்கள்; பிடித்த வசதியின் அட்டையில் ஒட்ட வேண்டும். திட்டத் தலைவருக்கு நாங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் கத்தரிக்கோல். வார்த்தைக்கு வார்த்தை 'தம்பி' என்பார். 'பிழைப் பட்டியலை நீக்குதல்' என்ற அட்டையைத் தட்டினார். இனிப் பிழைகள் சிவப்பு நெளிகோடாகத் தெரியுமாம். மவுஸை அருகே கொண்டுபோனால் ஒரு குமிழியில் விளக்கம் வருமாம்.

"அந்தப் பழைய லிஸ்ட்ட இன்னும் யாராவது யூஸ் பண்றாங்களா? ரிப்போர்ட் என்ன சொல்லுது தம்பி?"

எழுந்து நின்று வாசித்தேன். இதோ அந்த வாக்கியம்:

*கடந்த ஓராண்டில் இச்சாளரத்தைத் திறந்தோர் எவருமிலர்.*

"எவருமிலர்," என்று அவர் ருசித்துச் சொன்னார். "என்னமா எழுதுறீங்க தம்பி."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அடைப்புக்குறிகளுக்கு வண்ணம் தீட்டும் வசதியில் என் மூன்று பொட்டுகளையும் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

(அடிக்குறிப்பு போல: அட்டவணையில் பூஜ்யம் என்றிருந்தது, நான் எழுதினேன். எந்தப் பிரதியைக் கையில் எடுத்தாலும் 'இங்கே யார் விடுபட்டிருக்கிறார்?' என்று கேட்கும்படி ஐந்தாண்டுகள் பயிற்சி பெற்றவன், ஓர் அட்டவணையிடம் அதைக் கேட்கவில்லை. அக்காவின் நினைவுகூட வரவில்லை. இவ்விடத்தில் ஒரு சமாதானம் எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன்.)

4

அன்றிரவு அக்காவோடு சாப்பிடும்போது, எதை நீக்குகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

"அதையா? நான் தினம் தொறக்கிறேனே."

"ரிப்போர்ட்ல ஜீரோன்னு இருக்குக்கா."

"எப்படி எண்றாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவள் கை கழுவுவதற்குள் எங்கள் பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். பட்டியலைத் திறக்க மெனுவில் ஒரு வழி, விசைகளில் ஒரு வழி. எண்ணும் கருவியை மெனுவில் மட்டும் பொருத்தியிருக்கிறார்கள். மவுஸால் தொட்டால்தான் கணக்கு.

"மவுஸ நான் தொட்டதே கிடையாது," என்றாள். "அப்போ ஒன்பது வருஷமா நான் ஆளே இல்ல."

பட்டியலுக்குப் பதில் வரவிருக்கும் நெளிகோட்டையும் குமிழியையும் சொன்னேன்.

"குமிழியெல்லாம் என் காதுல விழாதுடா. அடுத்த மாசம் எங்க டீம் மொத்தமும் புது பதிப்புக்கு மாறுது." கையைத் துடைத்துக்கொண்டே, "யாருமே தொறக்கலன்னு எழுதிக் குடுத்த புண்ணியவான் யாரு?"

"எவருமிலர்னு..."

"நீயா?"

"ம்."

"நல்ல தமிழ்."

5

மறுநாள் கத்தரிக்கோலிடம் போய் அக்காவைப் பற்றிச் சொன்னேன்.

"ஒருத்தருக்காகவா தம்பி?"

"ஒருத்தரா, ஆயிரம் பேரான்னே தெரியாது சார். கீபோர்ட்ல தொறக்கிற யாரையும் நாம எண்ணல."

"சரி, அட்டையில எழுதி ஒட்டுங்க."

அவ்வலுவலகத்தில் எக்கோரிக்கையையும் சிறுகதை போலத்தான் எழுத வேண்டும்: யார், என்ன வேண்டும், எதற்காக. அடியில் கடைசி வரி ஒன்று: 'எது நடந்தால் இது முடிந்ததாகக் கொள்வது?' அதை எழுதியவர் நிரப்பக் கூடாது. வாசித்த ஒருவர் நிரப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைவரை காலியாகக் கிடந்தால் அட்டையைக் கிழித்துவிடுவார்கள்.

எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பாத்திரம் நம்புற மாதிரி இல்லையே. மானிட்டர ஆஃப் பண்ணிட்டு புரோகிராம் எழுதுறாங்களா? கொஞ்சம் கொறைச்சுக்குங்க தம்பி."

நம்பகத்தன்மை குறித்து நாற்பது பக்கம் எழுதியவன் நான். அந்த நாற்பது பக்கத்தையும் அவர் மேசையின் மீது அறைய வேண்டும்போல் இருந்தது. உயிரோடு இருக்கும் ஒருத்தியை எண்ணாமல் விட்டுவிட்டு, அவளை நம்ப முடியவில்லை என்று சொல்ல இவர்களுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது. எண்ணாததை எழுத்தில் உறுதிசெய்து கொடுத்தவன் நான் என்பதால் அறையவில்லை.

6

முடிவு அ: நான் கூட்டத்தில் எழுந்து முழங்குகிறேன், அறையே வெட்கி —

(பொய். முழங்க வேண்டிய நேரத்தில் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.)

முடிவு ஆ: அக்கா வேலையை விடுகிறாள். அணைந்த திரையின் முன்னால் கண்ணீர். இதை அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"ஏன்டா என்னை அழ வெச்சிருக்க? வேற எடிட்டர் பழக ஆறு மாசம் ஆகும். அந்த ஆறு மாசமும் டீம்ல ஆளாளுக்கு வந்து எனக்கு உதவி பண்ணுவாங்க. தோளத் தட்டுவாங்க. அத நெனச்சாத்தான் பத்திக்கிட்டு வருது. எழுதுறதுன்னா அத எழுது."

அட்டையை மீண்டும் எழுதினேன். எதையும் குறைக்கவில்லை. கடைசி வரியை நிரப்பித் தரச் சொன்னபோது அக்கா மறுத்துவிட்டாள்.

"கேக்கிறவளும் நானு, கையெழுத்துப் போடுறவளும் நானா? படிக்கிறவங்க யாராவது போடட்டும்."

இன்று வெள்ளிக்கிழமை. சுவரில் பொட்டு ஒன்றுகூட இல்லாத ஒரே அட்டை இதுதான்:

*யார்: திரையை அணைத்துவிட்டு ஒன்பது ஆண்டுகளாக நிரல் எழுதுபவள்.*
*என்ன வேண்டும்: பிழைப் பட்டியல்.*
*எதற்காக: என் பிழையை நானே முதலில் தெரிந்துகொள்வதற்கு.*

இதன் முடிவை எழுத எனக்கு விதிப்படி உரிமையில்லை. அந்த அறிக்கைக்குப் பிறகு யோக்கியதையும் இல்லை. இவ்வளவு தூரம் வாசித்தவர் நீங்கள். கீழே ஓர் அடைப்புக்குறியைத் திறந்து வைத்திருக்கிறேன். மூடாத அடைப்புக்குறியை எங்கள் எடிட்டர் பிழை என்றே கொள்ளும். புதிய பதிப்பில் அது சிவப்பாக நெளியும், பார்ப்பவர் பார்க்கலாம். அக்காவுக்கு அது தெரிய வேண்டுமானால் ஒரு பட்டியல் வேண்டும்.

*எது நடந்தால் இது முடிந்ததாகக் கொள்வது:* (