இடது கால் மடிப்பு

நாள் முழுக்கத் தையல் கம்பெனியில் யார் யாருக்கோ கால்சட்டைக்குக் கீழ்மடிப்பு அடித்தவளுக்கு, வேலை முடிந்த பிறகும் இன்னொரு கால்சட்டையை எடுத்துக்கொண்டு மிஷினில் உட்காரத் தோன்றுமா? அந்த அக்காக்காரிக்குத் தோன்றியது. உடம்பு அடித்துப் போட்டது மாதிரி இருந்தது, கண் எரிந்தது. இருந்தாலும் தம்பிக்கு என்றால் அவள் அப்படித்தான்.

தம்பிக்குச் சின்ன வயதில் ஒரு விபத்து. இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. எந்தக் கால்சட்டை போட்டாலும் அந்தப் பக்கத்தை மடித்துவிட்டுக்கொள்வான். காலைப் பற்றி யாராவது பேசினால் மூக்குக்கு மேல் கோபம் வரும். இவள் வேலைக்காகக் கடல் தாண்டிப் புறப்பட்ட அன்றாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? வழியனுப்ப வந்த அத்தனை பேர் முன்னாலும், "காலைப் பாத்து நடடா" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து போனில் "ம்", "சரி", "அம்மாகிட்ட குடுக்கறேன்". அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அது அவளை அரித்துத் தின்றது.

அதனால்தான் இந்தத் தையல். இடது காலைக் குறைத்து, மிச்சத் துணியை உள்ளே மடக்கித் தைத்தாள். போட்டுக்கொண்டு நின்றால் இரண்டு பக்கமும் சமமாக விழும். யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. விடிந்தால் ஊருக்குப் போகிற ஒருவரிடம் தம்பிக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். கடைசித் தையலைப் போட்டவள் மிஷின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது கால்சட்டையைக் காணோம். எதிரே செக்கரம்மா சிரித்துக்கொண்டு நின்றாள். தைத்து வருகிற கால்சட்டைகளில் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துச் சமமா என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க அவள் வேலை.

"அசந்து தூங்கிட்டியா, எழுப்ப மனசு வரல. நானே தேய்ச்சு, பொட்டலம் கட்டி, உங்க ஊருக்குப் போறவர்கிட்ட குடுத்துட்டேன். அவர் கிளம்பியும் போயாச்சு. ஏம்மா, இடது காலைக் குட்டையா தைச்சிருந்தியே, தூக்கக் கலக்கமா? நல்ல வேளை, பிரிச்சு சரி பண்ணிட்டேன். இல்லேன்னா உன் மானம் கப்பலேறியிருக்கும்!"

அடிப்பாவி, உன்னை யார் கேட்டது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தி என்ன பயன்? நல்லது என்று நினைத்துச் செய்தவள். "ரொம்ப தேங்க்ஸ்" என்றாள்.

அதன் பிறகு சோறு இறங்கவில்லை. இடது பக்கம் தரையில் புரளுமே. வேண்டுமென்றே குத்திக்காட்டுகிறாள் என்று தம்பி நினைத்துவிட்டால்? இனி அந்த "ம்" கூடக் கிடைக்காது.

ஒரு சாயங்காலம் போன் வந்தது. அவனாகவே கூப்பிட்டான்.

"அக்கா, பேன்ட் வந்துச்சு."

"சரியா இருக்காடா?"

"ரெண்டு காலும் ஒரே உயரம். பாவி மறந்துட்டாளேன்னு அம்மா ஒரே புலம்பல். எனக்கா, சிரிப்பு தாங்கல. எல்லாரும் முதல்ல என் காலைத்தான் பாப்பாங்க, அப்புறம்தான் என்னை. நீயும் அப்படித்தான்னு நினைச்சிருந்தேன். நிஜமாவே மறந்துட்டியாக்கா?"

உண்மை தொண்டை வரை வந்தது. எரிகிற கண்ணோடு, ஒவ்வொரு தையலிலும் அந்தக் காலை நினைத்துத்தானே தைத்தாள்!

"ஆமாண்டா. சுத்தமா மறந்துட்டேன்."

"சரி விடு, மடிச்சு விட்டுக்கறேன்" என்றவன் போனை வைக்கவில்லை. புது வேலை, அங்கே இருக்கிற மேனேஜரின் குறட்டை, அம்மாவின் நச்சரிப்பு என்று பேசிக்கொண்டே போனான். அவள் சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் அழுதுகொண்டே கேட்டாள்.

மறுநாள் செக்கரம்மா விசாரித்தாள். "தம்பிக்கு எப்படி இருந்துச்சாம்?"

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கால்சட்டையை எடுத்து மிஷினில் வைத்தாள்.