அக்காவின் கை

1

இந்தக் கதை எனக்கு மொட்டைமாடியில் கிடைத்தது. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். விளம்பரக் கம்பெனியில் படங்களைத் திருத்துவது அவள் வேலை. பருவை அழிப்பாள், இடுப்பைக் குறைப்பாள், கழுத்தை நீட்டுவாள். சொல்லி முடித்ததும், "எழுதிக்கோங்க. ஆனா என்னை நல்லவளா ஆக்கிடாதீங்க" என்றாள்.

கேட்டதிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. கோபத்தோடு எழுதினால் நடை கெடும் என்பார்கள். கெடட்டும்.

2

முதல் தொடக்கம்: ஒவ்வொரு பெண்ணும் தன்னளவில் அழகுதான், அவள்...

வேண்டாம். இதைச் சொல்லிச் சொல்லித்தான் சோப்பு விற்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் அக்காவிலிருந்து தொடங்குகிறேன். அக்கா ஆஸ்பத்திரியில் உதவியாள். பதினெட்டு வருடமாக நோயாளிகளைத் தூக்கி உட்கார வைத்து, புரட்டிப் படுக்க வைத்துத் திரண்ட கைகள். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் கொஞ்ச நாளாக மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். கண்ணாடி முன் நின்று மேல்கையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்க்கிறாள்.

ஒரு துணிக் கம்பெனி விளம்பரத்துக்குச் சாதாரணப் பெண்களைத் தேடியது. அக்கா தானாகவே போய் நின்றாள், கையில்லாத சட்டையில்.

"எம்பொண்ணு பாக்கட்டும்டி. இந்தக் கையோடயும் அம்மா ஜம்முனு நிக்கிறாளேன்னு பாக்கட்டும்."

3

படம் தங்கையின் மேஜைக்கே வந்தது. வாசகம் ஏற்கனவே ஏறியிருந்தது: 'இவர்கள் அசல் பெண்கள். நாங்கள் எதையும் மாற்றவில்லை.'

மேலாளர் பின்னால் வந்து நின்றார். "கையை மட்டும் கொஞ்சம் இளைக்க வச்சிடும்மா."

"மாத்தலைன்னு போட்டிருக்கே சார்?"

"ஆளை மாத்தலையே! கைதானே?"

(இந்த வசனம் என் கற்பனை இல்லை. இவ்வளவு நன்றாக எனக்கு வராது.)

முதல் பிரதியில், இந்த இடத்தில் அவளை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழ வைத்தேன். "இது என் அக்கா!" என்று கத்த வைத்தேன். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. பிறகு அடித்துவிட்டேன். அவள் எழவில்லை. அக்கா என்று வாய் திறக்கக்கூட இல்லை. இருபதே நிமிடத்தில் பதினெட்டு வருடத்தை வழித்தெடுத்தாள். முடித்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோது அவள் மனதில் தோன்றியது: 'இப்பத்தான் நல்லாருக்கு.'

இந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அதை எடுத்தா மத்ததையும் எடுத்துடுங்க" என்றாள்.

4

பஸ் நிறுத்தத்தில் ஆளுயரப் படம் வைத்தார்கள். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவளுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

மகள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"பாத்தியாம்மா? உன் கையை அவங்களுக்கே பிடிக்கலை. என்னை மட்டும் சாப்பிடு சாப்பிடுங்கிறே."

(இங்கே ஒரு பக்கம் திட்டி எழுதியிருந்தேன். கம்பெனியை, மேலாளரை, அந்த வாசகத்தை எழுதிய கையை. கடைசியாக என்னையும். அந்த நிறுத்தத்துக்கு நான் நேரில் போனேன். படத்தின் முன் நின்றதும் என் வயிறு தானாக உள்ளே போனது. வெட்கமாக இருந்தது. பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கோபம் போகவில்லை.)

வீட்டுக்கு வந்ததும் மகள் அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். அக்கா தங்கைக்குப் போன் போட்டாள்.

"யாருடி பண்ணது?"

"நான்தான்க்கா."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றாள் இவள். "வந்து அவகிட்ட நீயே சொல்லு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாளாம்.

5

முடிவு ஒன்று: பெண் சித்தியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். பசிக்கிறது என்கிறாள். பொய்.

முடிவு இரண்டு: சித்தி வேலையை விட்டுவிடுகிறாள். விடவில்லை. இன்றைக்கும் அங்கேதான் போகிறாள்.

முடிவு மூன்று: "கண்ணு, அந்தக் கைதான் எத்தனை பேரை..."

இல்லை. இதையும் நாளைக்கே ஒரு விளம்பரத்தில் போட்டுவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சித்தி போய்க் கதவைத் தட்டினாள். எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே நின்றே சொன்னாள், தன் பெயரையும் சேர்த்து. பிறகு தாழ் விலகியது. பெண்ணின் முகத்தில் கோபம் இல்லை.

"சித்தி, எனக்கும் அந்த மாதிரி பண்ணித் தருவியா?"

அதற்கு என்ன சொன்னாள் என்று நான் கேட்டேன். அவள் ஈரத்துணியை உதறிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு என்ன சொல்வது? நீங்கள் சொல்லுங்கள். ஆற அமர யோசிக்க நேரமில்லை. அந்தப் பெண் அறை வாசலில் நிற்கிறாள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.