பதினேழாம் எண்ணின் பழிவாங்கல்

மனித குலத்தின் எதிர்காலத்தில் அக்கறை கொண்ட அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: சர்க்கரை நோய்க்குப் போடும் ஊசி ஒன்று போதைப் பொடிப் பழக்கத்தையும் விரட்டுமா என்று கண்டறியும் மாபெரும் ஆய்வை, அச்சு எந்திரம் ஓட்டிவந்த ஒரு மனிதர் தனியொருவராக நின்று தோற்கடிக்க முடிவு செய்தார். ஆயுதம், சிறுநீர். அதுவும் அவருடையது அல்ல.

ஆய்வில் அவருக்குப் பெயர் கிடையாது, பதினேழு என்ற எண்தான். வயது நாற்பத்தாறு. காதுகள் மட்டும் கொஞ்சம் தாராளம். இரட்டை ஷிஃப்டைத் தாங்குவதற்காக மூக்கில் ஏற்ற ஆரம்பித்த பொடி, ஷிஃப்டே இல்லாத நாளிலும் ஏறத் தொடங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அறிவியலை வளர்க்க அவர் அங்கே வரவில்லை. மனைவி கதவைச் சாத்துவதற்கு முன் சொன்ன ஒரு வாக்கியம்தான் அவரை அழைத்து வந்தது.

"தொடர்ந்து எட்டு வாரம் சுத்தம்னு சீட்டு கொண்டு வாங்க. அப்புறம் நானே கதவைத் திறக்கறேன். அதுவரைக்கும் வாசல்ல நின்னு கதை சொல்லாதீங்க."

ஆய்வு பன்னிரண்டு வாரம். ஆட்கள் நாற்பது பேர். வாரம் ஒரு நாள் வயிற்றில் ஊசி, அரைமணி நேரம் கவுன்சலிங், கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, போடுகிற நர்ஸுக்கும் தெரியாது, பெரிய டாக்டருக்கும் தெரியாது. ஒட்டிய உறை ஒன்று இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அதற்கு மட்டும் தெரியும்.

பதினேழுக்கு ஊசியில் பிரச்சினை இல்லை. கோப்பையில்தான் சிக்கல். யாரும் ஏமாற்றாமல் இருக்க, கழிப்பறைக் கதவைத் திறந்து வைத்து, முதுகுப் பக்கம் ஒரு காவலாளி நிற்பார். ஆள் பார்க்க ஒன்றுக்குப் போகும் கலை நம்மவருக்குக் கைவரவில்லை.

"என்ன அண்ணே, பூஜ்யத்துலயே நிக்குதா?" என்பார் காவலாளி.

"நீங்க பேசாம இருந்தாலே வரும்."

"நான் பேசாட்டி நான் இருக்கறது இன்னும் பெரிசா தெரியும். இருங்க, குழாயைத் திறந்து விடறேன்."

குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் கால்மணி நேரத்தில் வேலை முடியும்.

முதல் ஊசியிலிருந்தே குமட்டல். சாப்பாட்டைக் கண்டால் முகம் திரும்பியது. இடுப்பு வாருக்கு இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டார். "நிஜ மருந்துன்னா அப்படித்தான் பிரட்டும்னு சொல்றாங்க" என்றார் நர்ஸ். அன்றே பதினேழுக்கு முடிவாகிவிட்டது, தனக்கு ஏறுவது அசல் சரக்கு.

மூன்றாவது வாரம் சீட்டில் 'சுத்தம்' என்று வந்தது. படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினார். "ஒண்ணு. இன்னும் ஏழு" என்று பதில் வந்தது. அடுத்த நிமிடம் அதே போனிலிருந்து, எழுத்துப் பிழையோடு, "அப்பா சூபர்". மகள் பிடுங்கி அடித்திருக்கிறாள். பதினேழு அந்த இரண்டு வார்த்தையையும் பத்துத் தடவை படித்தார்.

அதே நாள், அதே வராந்தாவில், வெற்றி அவரை நோக்கி நடந்து வந்தது. வெள்ளைக் கோட்டு, பின்னால் விருந்தினர் ஆறு பேர், முன்னால் ஒரு போட்டோகிராபர். ஆய்வின் தலைவர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு மைக் டாக்டர் என்றுதான் பெயர். பக்கத்தில் நிற்பவரிடம் பேனா கேட்டாலும் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் கேட்பார்.

"இதோ!" என்று பதினேழின் தோளில் கை போட்டார். "மூணே வாரம்! ஆளைப் பாருங்க, எப்படித் தெளிஞ்சிருக்கார்! இது நோயாளி இல்லை, என் கனவு!"

கனவு தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தது. டாக்டருக்கு அடையாளம் தெரியவில்லை. இவருக்குத் தெரிந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் மயங்கி விழுந்த பதினேழை இதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்போது மைக் டாக்டர், "மருத்துவப் படிப்புக்கு" என்று ஒரு போட்டோ எடுத்தார். அடுத்த மாதம் அச்சகத்துக்கு ஒரு விழிப்புணர்வுச் சுவரொட்டி ஆர்டர் வந்தது. தாள் ஏற்றி, மை சரிபார்த்து, எந்திரத்தை ஓட்டியவர் நம்மவர்தான். முதல் தாள் வெளியே வந்தது. வாயில் எச்சில் வழியக் கிடக்கிற ஒரு முகம், கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை, கீழே கொட்டை எழுத்தில் "இவனைப் போல் ஆகாதே". கண்ணை மறைத்தவர்கள் காதை மறைக்கவில்லை. மணிக்கு நாலாயிரம் தாள் வேகத்தில் தன் காது தன் முன்னால் வந்து விழுவதை அவர் நின்று பார்த்தார். பைண்டிங் பகுதிக்காரர் ஒரு தாளை எடுத்து இவர் பக்கத்தில் பிடித்து, "நம்மாளு மாடலிங் போயிருக்கார்டா!" என்றார். வாரக் கடைசியில் முதலாளி கணக்கு முடித்து அனுப்பினார். மகளின் பள்ளிக்கூட வாசலில் ஒட்டியிருந்த தாளுக்கு யாரோ கொம்பு வரைந்திருந்தார்கள். "அது நீங்கதானேப்பா?" என்று கேட்டாள். "காது நம்ம காது." தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

இப்போது அதே கை, அதே முகத்தைத் தெரியாமலே, தோளில் கிடந்தது. போட்டோகிராபர் "சிரிங்க" என்றார். பதினேழு சிரித்தார். அந்தச் சிரிப்பில் முடிவான விஷயம் ஒன்றுதான்: இந்த ஆளின் மருந்து தோற்க வேண்டும்.

மறுநாளே பழைய கூட்டாளியைத் தேடிப் போனார். நான்கு நாள் தூங்காமல் இருக்கக் கூடியவர் என்பதால் அவருக்குச் சூறாவளி என்று பெயர்.

"எனக்கு வாரா வாரம் உன் மூத்திரம் வேணும்."

சூறாவளி தலையைச் சொறிந்தார். "மாப்ள, ஊர்ல எல்லாரும் நல்ல மூத்திரம் கேட்டுத்தான் அலைவாங்க. கெட்டது வேணும்னு வந்த மொத ஆளு நீதான். என் மூத்திரத்துக்கும் ஒரு மரியாதை வருதுன்னா நான் ஏன் தடுக்கப் போறேன்?"

சூறாவளி நிரப்பித் தரும் சீசா அக்குளில் இருக்கும். கோப்பையில் சூடு காட்டும் பட்டை உண்டு, ஆறிப்போனால் மாட்டிக்கொள்ளலாம். காவலாளி முதுகைப் பார்ப்பார், இவர் சட்டைக்குள் கை விடுவார். சுத்தமானதைக் கொண்டு வருகிறவர்களைப் பிடிக்கத்தான் காவலாளிக்குப் பயிற்சி. அழுக்கைக் கடத்துவதற்கு எதிராக உலகத்தில் சட்டமே இல்லை.

"பரவாயில்லையே, இப்பல்லாம் குழாயே தேவைப்படலை!" என்று காவலாளி மெச்சினார்.

நான்காவது வாரம் முதல் எல்லாச் சீட்டும் 'பொடி உள்ளது'. கவுன்சலிங் செய்த பெண்ணிடம் நடக்காத சறுக்கலை எல்லாம் நடந்த மாதிரி சொன்னார். அவள் பொறுமையாக எழுதிக்கொண்டு கேட்டாள்.

"ஆசை வரும்போது எதையாவது நினைச்சுப் பாருங்கன்னு சொன்னேனே. என்ன நினைக்கிறீங்க?"

"ஒருத்தர் மேடையில மைக்கைப் பிடிச்சுட்டு, சொல்ல ஒண்ணும் இல்லாம நிக்கறாரு."

"அது உதவுதா?"

"ரொம்ப."

இது மட்டும் நிஜம். மூக்கு அரித்தபோதெல்லாம் அந்தக் காட்சியைத்தான் ஓட்டினார். சூறாவளி சீசாவோடு சேர்த்து ஒரு பொட்டலத்தையும் நீட்டியபோது வியர்த்துக் கொட்டியது. தொடவில்லை. தொட்டால் மருந்து நியாயமாகத் தோற்றுவிடும், அதில் என்ன ருசி இருக்கிறது?

ஐந்தாவது வாரச் சீட்டைப் பார்த்த மனைவி போன் செய்தாள். "ஒண்ணு வந்தது பொய்யா?"

"கொஞ்சம் பொறு. எல்லாம் முடியட்டும், நான் விளக்கறேன்."

"விளக்கம் வேணாம். சீட்டுத்தான் கேட்டேன்."

ஏழாவது வாரத்தோடு போன் நின்றது. ஆய்வு மண்ணைக் கவ்வியதும் நேராகப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பழி வாங்க இறங்கியவன் வாயிதா கேட்டால் வீடு பொறுக்கும் என்று எப்படித்தான் நம்பினாரோ!

பன்னிரண்டு வாரம் முடிந்து உறை பிரிக்கும் நாள். அரங்கு நிறைந்திருந்தது. பதினேழு இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தார், தூக்குமேடையைப் பக்கத்திலிருந்து பார்க்க டிக்கெட் வாங்கியவரைப் போல.

மைக் டாக்டர் மேடை ஏறினார். "வெற்றி!" என்றார்.

பதினேழுக்குக் காது அடைத்தது. அவ்வளவு பெரிய காது.

"மருந்துக் குழுவுக்கும் உப்புத் தண்ணீர்க் குழுவுக்கும் வித்தியாசம் மயிரிழைதான். ஆனால் மயிரிழையும் வித்தியாசமே! உப்புத் தண்ணீர்க் குழுவில் ஒருவர், எண் பதினேழு, மூன்றாம் வாரம் தெளிந்தவர், அதன் பிறகு ஒரு வாரம்கூட விடாமல் தவறியிருக்கிறார். அவர் மட்டும் திருந்தியிருந்தால் இந்த ஆய்வு ஒன்றுக்கும் உதவாமல் போயிருக்கும். அந்த முகம் தெரியாத மனிதருக்கு அறிவியல் கடமைப்பட்டிருக்கிறது!"

கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் விலாவில் இடித்ததால் பதினேழும் தட்டினார்.

மறுபடி சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். அவர் தன் சொந்தச் சிறுநீரை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் போதும், மைக் டாக்டர் அன்று மேடையில் வாயடைத்து நின்றிருப்பார். வீட்டுக் கதவும் என்றைக்கோ திறந்திருக்கும்.

மாலை டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினார். சீசா, அக்குள், சூறாவளி, சுவரொட்டி. டாக்டர் கனிவோடு கேட்டார்.

"அதாவது, நீங்க தொடவே இல்லை. யாரோ உங்களுக்காகத் தொட்டாங்க."

"ஆமா சார்!"

"இதுக்குப் பேர் மறுப்பு. நோயோட முத்தின கட்டம்." மணியை அடித்தார். "இவரை அடுத்த ஆய்வுல சேர்த்துக்கங்க. நல்ல முகம்."

அங்கிருந்து நேராக வீட்டு வாசல். மனைவி கதவைப் பாதி திறந்து, முழுக்கதையையும் கேட்டாள். ஒரு இடத்தில் அவள் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"குமட்டல் வந்ததே?"

"உப்புத் தண்ணிக்கே வந்திருக்கு."

"மருந்தே இல்லாம ஒன்பது வாரம் தொடாம இருந்தீங்க. வீட்டுக்கு வரணும்னு இல்லை, அந்த ஆளைக் கவுக்கணும்னு."

அவள் உள்ளே போய் மருந்துக்கடைப் பரிசோதனை அட்டை ஒன்றும், மகளின் பழைய பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றும் கொண்டு வந்தாள். கதவு முழுசாகத் திறந்தது.

"சட்டையைக் கழட்டிட்டு உள்ள போங்க. நான் பின்னாலயே நிப்பேன். இதுல சுத்தம்னு வந்தா இருங்க. இல்லேன்னா இதோட சரி."

மகள் அறை வாசலில் காதைத் தடவிக்கொண்டு நின்றாள். இத்தனை வாரத்தில் முதல் தடவையாக அவருக்குத் தேவைப்பட்டது அவருடையது மட்டும்தான், அதுவோ பரிசுத்தமாக உள்ளே இருந்தது. வெற்று உடம்போடு டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம். கால்மணி. முதுகுக்குப் பின்னால் மனைவியின் மூச்சு கேட்டது.

"அந்தக் குழாயைக் கொஞ்சம் திறந்து விடேன்."

"குழாய்ல காலையிலிருந்தே தண்ணி இல்லை."

அவருக்கும் வரவில்லை.