கோணல் சுண்டுவிரல்

"மெதுவாங்க, சுவரு பேந்துரும்" என்று மகள் சொல்லி முடிப்பதற்குள் காரை பொலபொலவென்று கொட்டிவிட்டது. இசைப்பள்ளிச் செயலாளரும் அவருடைய ஓட்டுநரும் ஓவியர் தீட்டிய பெரிய படத்தை இறக்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் தலைமாட்டில் சாய்த்தார்கள். பெட்டிக்குள் ஓர் அப்பா, வெளியே ஓர் அப்பா. ஒருவரையே தாங்க முடியாத வீடு அது.

"எல்லாம் முடிஞ்சதும் படத்தை எங்க அரங்கத்துக்குக் கொண்டுபோயிடறோம்மா. எல்லாரும் பாக்கணும் இதை" என்றார் செயலாளர். தாராளமாக என்று மகள் தலையாட்டினாள். விட்டது சனியன்.

படத்தில் அவர் கண்ணை மூடி வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். என்ன சாந்தம்! இதில் ஒரு துளியை வீட்டில் காட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருப்பார்? சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்து நாக்கைத் துருத்தியிருக்கிறாள், அவர் ஊரில் இல்லாத நாட்களில்.

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முகத்தை விடுங்க. அந்த இடது கையைப் பாருங்க. தந்தி மேல விரல் எப்படி உக்காந்திருக்கு! இந்தக் கை இன்னொருத்தருக்கு வருமா?"

பேச்சுக்குப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். படத்தில் சுண்டுவிரலின் நுனி வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். அப்பாவின் விரல்கள் கட்டை கட்டையாக, நேராக இருந்தன.

கோணல் விரல் யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடை பழகினாள்.

அம்மா சமையலறையில் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"படத்துல இருக்கிறது உன் கையாம்மா?"

அம்மா நிமிரவில்லை. "உங்கப்பாவுக்கு ஒரு இடத்துல உக்கார எங்கடி பொறுமை? மூஞ்சிய மட்டும் காட்டிட்டு, வயலினை வச்சுட்டு வெளிய கிளம்பிட்டாரு. ஓவியர் பாவம், என்ன பண்ணுவாரு? வயலினை எங்கிட்டக் குடுத்து உக்கார வச்சாரு."

"உனக்குப் பிடிக்கத் தெரியுமா?"

"வாசிக்கவே தெரியும். கல்யாணம் ஆனதும், வீட்டுக்கு ஒரு வயலின் போதும்னுட்டாரு."

"அந்த விரலு? கதவுல நசுங்கினதுன்னு சொன்னியே..."

"கதவு இல்ல. ஒருநாள் அவரு இல்லாதப்ப எடுத்து வாசிச்சேன். பாதியில வந்துட்டாரு. நான் வயலினை அதோட பெட்டியில திருப்பி வைக்கிறப்பவே மூடியை அடிச்சுச் சாத்தினாரு. என் கை உள்ள இருந்ததைப் பாக்கலையாம்." தேநீர் தட்டில் சிந்தியது. "பாக்காமலா இருந்திருப்பாரு?"

"அடப்பாவி மனுஷா!" என்று மகள் கூடத்தைப் பார்த்துக் கத்தியேவிட்டாள்.

"சும்மா இருடி, அவரு காதுல விழப்போகுது" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

செயலாளர் எழுந்து நின்றார். "படத்தைப் பத்தி மகள்கிட்டச் சொல்லியிருக்கேன்மா. நீங்களும் மாட்டேன்னு சொல்லக்கூடாது."

அம்மா யாரிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பழகியவளில்லை. "கொண்டுபோங்க. முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கங்க. கை எனக்கு வேணும்."

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று செயலாளர் மகளைப் பார்த்தார்.

"அம்மா சொன்னா சொன்னதுதான்" என்றாள் மகள்.

பள்ளியிலிருந்து வந்த மலர்வளையத்தை யாரோ படத்தின் கீழே சாய்த்து வைத்திருந்தார்கள். கைகள் அதற்குள் மறைந்துபோயிருந்தன. அம்மா தட்டைக் கீழே வைத்தாள். வளையத்தைத் தூக்கிச் சட்டத்தின் மேல்விளிம்பில் மாட்டினாள். பூக்கள் முகத்தின்மேல் தொங்கின. நேராக இருக்கிறதா என்று தள்ளிநின்று பார்த்துவிட்டு, ஆறிப்போன தேநீரைச் சுடவைக்க உள்ளே போனாள்.