ஸ்டெல்லாவுக்கு வந்த பணம்

தங்கை ஸ்டெல்லா பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்தாலே ஆரோக்கியமேரிக்கு வயிறு எரிந்தது. தனக்குப் பதினாறு வயதில் கழுத்தில் தாலி ஏறியது. அதே பதினாறில் தங்கை பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள். கைக்குழந்தையோடு, குடும்பம் பிழைக்கப் போன வடநாட்டு ஊரான தாபோடிக்கு, அம்மா வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே இந்த எரிச்சல்தான்.

எல்லாம் அந்தப் பணம் செய்த வேலை. பெண்பிள்ளை கல்யாணம் ஆகாமல் பள்ளிக்குப் போகிறவரை ஒரு தொண்டு நிறுவனம் மாதாமாதம் அம்மா ஜோசபினின் வங்கிக் கணக்கில் பணம் போடுகிறது. வீட்டு வாடகை அதில் கழிந்துவிடும். ஆரோக்கியமேரியின் முறை வந்தபோது அப்படி ஒன்று இல்லை. அப்பா அமல்ராஜுக்குத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை போயிருந்தது. வீட்டுக்காரர் வாசலில் நின்று கத்தினார். ஒரு வயிறாவது குறையட்டும் என்று அவளைக் கட்டிக்கொடுத்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா பேச்சை எடுத்தார்.

"பக்கத்துல ஆகுர்டியில ஒரு பையன், சேவியர்னு பேரு. ஸ்டெல்லாவக் கேக்காங்க. பர்மனென்ட் வேலை. நகைநட்டு எதுவும் வேண்டாங்கான். நம்ம ஊருக்குப் போயி அங்க வச்சு முடிச்சிட்டா வயசை யாரு கேக்கப்போறா?"

ஸ்டெல்லா அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மூத்தவ நீ என்ன சொல்லுத?" என்றார் அப்பா.

போகட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. இவளும் விடியுமுன் எழுந்து மாமியார் வீட்டுப் பாத்திரம் தேய்க்கட்டும். படிப்பும் இஸ்திரியும் எங்கே போகிறது பார்ப்போம். வாயைத் திறக்கப்போனாள்.

"சொந்த ஃபிளாட்டு. மாமியாரும் கிடையாது" என்றார் அப்பா.

சுருக்கென்றது. அதிலும் இவளுக்குத்தான் யோகமா?

"இவ கட்டிட்டுப் போனா மாசப் பணம் நின்னுரும்லாப்பா? மறுபடி உங்க வேலை போச்சுன்னா வாடகைய அந்த சேவியரா வந்து கட்டுவான்?"

அப்பா தலையைச் சொறிந்தார். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவ சொல்லுதது சரிதான். அன்னைக்கு மட்டும் இந்தப் பணம் வந்திருந்தா அவளையே அனுப்பியிருக்க மாட்டோமே."

அவ்வளவுதானா? மூன்று வருஷமாகத் தலையெழுத்து என்று நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் வெறும் வாடகைப் பணம்.

அப்பா போனை எடுத்துத் தரகரிடம், "பிள்ளை படிக்கா. பதினெட்டு முடியட்டும், பிறகு பேசுவோம்" என்றார்.

ஸ்டெல்லா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அக்கா, நீதான் என்னைக் காப்பாத்துன!"

"விடுளா. உனக்காக ஒண்ணும் சொல்லல."

அக்கா விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துத் தங்கை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தாள். ஆரோக்கியமேரிக்கு அந்தச் சிரிப்பின்மேலும் பொறாமையாக இருந்தது.